அல்சைமரை ‘மூன்றாம் வகை சர்க்கரை நோய்’ என்று சொல்வது சரியா?

#1 மழைத்துளி

வணக்கம். ஒரு வருடமாக இங்கே எல்லாரும் எழுதுவதைப் படித்து வருகிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு 74 வயது. 19 வருடமாகச் சர்க்கரை நோய். போன மாதம் அல்சைமர் என்று உறுதியானது. இரண்டு வருடமாகவே கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார், அடுப்பை அணைக்க மறந்துபோவார். வயதாகிவிட்டது என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

விஷயம் கேள்விப்பட்டு உறவினர் ஒருவர் போன் செய்தார். “இதைத்தான் இப்போ டைப் 3 டயாபடீஸ்னு சொல்றாங்க. சுகரை ஒழுங்கா பார்த்திருந்தா வந்திருக்காது” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவின் மாத்திரை டப்பாவை வாரா வாரம் நிரப்பியவள் நான். பரிசோதனைச் சீட்டுகளைக் கோப்பில் சேர்த்து வைத்ததும் நான்தான். மூன்று ராத்திரியாக அந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு எந்த வருடம் கோட்டை விட்டேன் என்று தேடுகிறேன். 2014இல் ஒரு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 9.2 இருக்கிறது. அதுவா?

அவர் சொன்னது உண்மையா? இப்போதாவது சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் நினைவு திரும்புமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 இரவுப்பணி

மழைத்துளி, முதல்ல அந்தக் கோப்பை மூடி வைம்மா.

நான் மறதி நோயாளிகள் இருக்கிற வார்டுல 11 வருஷமா செவிலியர். உன் ரெண்டாவது கேள்விக்கு இப்பவே பதில் சொல்லணும்னுதான் அவசரமா எழுதுறேன். நீயா எதையும் இறுக்கிப் பிடிக்காதே. அம்மா இன்சுலின் போடுறாங்களா? கணையத்தைத் தூண்டுற மாத்திரை ஏதாவது ஓடுதா? சாப்பிட்டதை மறந்து திரும்பக் கேக்குறவங்க, சாப்பிடாமலே சாப்பிட்டாச்சுன்னும் சொல்வாங்க. மாத்திரை போட்டதை மறந்து இன்னொரு தடவை போட்டுக்குவாங்க. சுகர் இறங்கினா நம்மள மாதிரி “படபடன்னு வருது”ன்னு சொல்லத் தெரியாது. திடீர்னு கோபப்படுவாங்க, சுருண்டு படுப்பாங்க, நாம நோய் முத்திடுச்சுன்னு நினைப்போம். மீட்டர்ல பார்த்தா 48 இருக்கும். நான் பார்த்திருக்கேன்.

மருந்துப் பட்டியலோட டாக்டரைப் பாரு. மத்த விஷயத்தை இங்க இருக்கிற படிச்சவங்க சொல்லட்டும்.

#3 வேதிக்கூடம்

நான் மருத்துவன் அல்ல. உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் குளுக்கோஸ்தான் அதன் எரிபொருள். சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ரத்தம் சில நிமிடம் நின்றாலே நரம்பணுக்கள் சாகத் தொடங்குவது அதனால்தான். இப்படிப்பட்ட உறுப்பில் எரிபொருள் வழங்கல் கெட்டால் என்ன ஆகும் என்பது நியாயமான கேள்வி.

2005இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் டி லா மான்டே குழு, அல்சைமரில் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, இன்சுலினும் அதன் உறவான வளர்ச்சிக் காரணிகளும் அவற்றின் ஏற்பிகளும் குறைந்திருப்பதாக எழுதியது. ‘மூன்றாம் வகை’ என்ற பெயர் அப்போது வந்ததுதான். 2012இல் டால்பட் என்பவரின் குழு இன்னொன்று செய்தது. இறந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் (மூளையில் நினைவுக்கு உரிய பகுதி) திசுவை எடுத்து அதன் மீது இன்சுலினைச் செலுத்திப் பார்த்தார்கள். அல்சைமர் மூளைத் திசு சரியாகப் பதில் கொடுக்கவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களுக்கு உயிரோடிருந்தபோது சர்க்கரை நோயே கிடையாது. அதாவது உடம்பில் சர்க்கரை நோய் இல்லாமலே மூளைக்குள் மட்டும் இன்சுலின் எதிர்ப்பு இருக்கலாம்.

இங்கேதான் பெயர் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. தசையில் இன்சுலின் வந்து தட்டினால்தான் குளுக்கோஸ் உள்ளே போகும். மூளையில் அப்படி இல்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் க்ளட்-1, நரம்பணுவில் க்ளட்-3 என்ற கடத்திகள் இருக்கின்றன. இவை இன்சுலினைக் கேட்டுக்கொண்டு திறப்பவை அல்ல. அப்படியானால் மூளையில் இன்சுலினுக்கு என்ன வேலை? நரம்பிணைப்புகளைப் பராமரிப்பது, அவற்றை வலுப்படுத்துவது, அல்சைமரில் நரம்பணுக்களுக்குள் முடிச்சாகும் டௌ என்ற புரதத்தில் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஒட்டாமல் பார்த்துக்கொள்வது, இப்படிப் பல. “இன்சுலின் வேலை செய்யவில்லை, அதனால் மூளைக்குச் சர்க்கரை போகவில்லை, அதனால் மறதி” என்று ஒரே வரியில் சொல்வது பாடப்புத்தகத்திலேயே தேறாது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கும். இன்சுலினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. அல்சைமர் மூளையில் படிமமாகச் சேரும் பீட்டா அமிலாய்டு என்ற புரதத்தையும் அதே நொதிதான் சிதைக்கிறது. ரத்தத்தில் இன்சுலின் எப்போதும் மிகுந்திருந்தால் நொதி அதிலேயே மும்முரமாகி அமிலாய்டைக் கவனிக்காமல் விடுமோ என்று ஒரு கருத்து இருக்கிறது. எலிகளில் அந்த நொதியை நீக்கினால் இரண்டும் கூடுகின்றன. மனிதரில் இது எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

#4 தனிவழி

ஐயா விளக்கம் அருமை. ஆனால் நீங்கள் பெயரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பெயரால்தான் நான் விழித்துக்கொண்டேன்.

என் அப்பாவுக்கு 2021இல் அல்சைமர் என்றார்கள். அதுவரை 20 வருடம் எல்லா ஆராய்ச்சியும் அமிலாய்டு, அமிலாய்டு என்றே போனது. ஆற்றல் பஞ்சத்தை யாரும் பேசவில்லை. கனடாவின் ஸ்டீபன் குனேன் காட்டியிருக்கிறார்: அல்சைமர் மூளை குளுக்கோஸை எடுப்பது குறைந்தாலும் கீட்டோனை (கொழுப்பிலிருந்து உடல் உண்டாக்கும் எரிபொருள்) எடுப்பது குறையவில்லை. ஒரு எரிபொருள் தடைப்பட்டாலும் இன்னொன்று உள்ளே போகிறது! பட்டினியில் மூளை கீட்டோனில் ஓடும் என்பது 1967லேயே தெரிந்த சங்கதி. அப்பாவுக்கு இரண்டு வருடமாக மாவுச்சத்தைக் குறைத்து, உடம்பில் எளிதாகக் கீட்டோனாக மாறும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பெண்ணெய் கொடுக்கிறேன். சில நாட்களில் முகத்தில் ஒரு தெளிவு வரும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த நாட்களுக்காக நான் எதையும் செய்வேன்.

மழைத்துளி அக்கா, யோசித்துப் பாருங்கள்.

#5 எறும்பு

என் கணவருக்கு 57 வயதில் வந்தது. ஒல்லியான உடம்பு. தினமும் 5 கிலோமீட்டர் நடப்பார். சர்க்கரை கிடையாது, ரத்த அழுத்தம் கிடையாது, கொலஸ்ட்ராலும் கிடையாது. இந்த ‘மூன்றாம் வகை’ கதையை எனக்கும் ஒருவர் சொன்னார். “இனிப்பு நிறைய சாப்பிடுவாரோ?” என்று கேட்டார். கேட்டவர் மேல் இன்னும் கோபம் தீரவில்லை எனக்கு.

இந்த நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பார்த்த முதல் நோயாளி அவுகுஸ்டே டேட்டர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது 1901இல். அப்போது அவருக்கு வயது 51. எல்லாவற்றுக்கும் வாழ்க்கை முறையையே காரணம் சொல்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

#6 நிழற்படம்

நான் பெட் ஸ்கேன் எடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். நோயறிதல் என் வேலை இல்லை. ஆனால் இந்த இழையில் எல்லாரும் பேசும் அந்த ‘ஆற்றல் பஞ்சம்’ திரையில் எப்படித் தெரிகிறது என்பதை அன்றாடம் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஊசியில் போடுவது குளுக்கோஸின் ஒரு மாற்றுரு. அதில் ஃப்ளோரின்-18 கட்டப்பட்டிருக்கும். 110 நிமிடத்தில் கதிர்வீச்சு பாதியாகிவிடும் என்பதால் எல்லாமே ஓட்டமும் நடையும்தான். அணுக்கள் அதைக் குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே இழுக்கும், முதல் படி வரை செரிக்கும், அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடம் எல்லாம் படத்தில் ஒளிரும். அல்சைமரில் மூளையின் பின்பக்க நடுப்பகுதி, நெற்றிப்பொட்டுக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட பக்கவாட்டுப் பகுதிகள் மங்கிப்போகும். அசைவுக்கும் பார்வைக்கும் உரிய பகுதிகள் நன்றாகவே ஒளிரும். ஒருவர் நன்றாக நடந்து வந்து கட்டிலில் படுப்பார். வந்த வழி அவருக்குத் தெரியாது. படத்திலும் அப்படியேதான் இருக்கும்.

எறும்பு அம்மா, உங்கள் கணவரைப் போன்றவர்களின் படத்திலும் இதே மங்கல்தான். உடம்பில் சர்க்கரை நோய் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று. 1996இல் எரிக் ரைமன் குழு, அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபோ-இ4 மரபணு இரண்டு பிரதி உள்ளவர்களை 50 முதல் 65 வயதுக்குள் ஸ்கேன் செய்தது. அவர்களுக்கு நினைவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த இடங்கள் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தன. 2004இல் இன்னும் இளையவர்களை, 20 முதல் 39 வயதுள்ளவர்களை எடுத்தார்கள். ஒரு பிரதி இ4 உள்ளவர்களிடமும் அதே சாயல். அமிலாய்டு படியத் தொடங்குவதற்கே பல பத்தாண்டு முன்பு.

இதைப் பார்த்துவிட்டு ‘ஆற்றல் குறைவே முதல் காரணம்’ என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அந்த ஒளி மங்குவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: எரிபொருள் வரவில்லை, அல்லது எரிக்க வேண்டிய நரம்பிணைப்புகள் குறைந்துவிட்டன. ஆள் இல்லாத வீட்டிலும் விளக்கு எரியாதுதானே. படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

#7 நாடி

சர்க்கரை நோய் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். மழைத்துளி அவர்களின் முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

தொடர்பு இருக்கிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 1999இல் சொன்னது: சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2013இல் சியாட்டிலில் 2,067 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களிலும்கூட சராசரி குளுக்கோஸ் 100 இருந்தவர்களைவிட 115 இருந்தவர்களுக்கு ஆபத்து 18 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

ஆனால் பிரேதப் பரிசோதனை வேறு மாதிரிப் பேசுகிறது. சர்க்கரை நோயோடு வாழ்ந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்தால் சின்னச் சின்ன ரத்த அடைப்புகள் அதிகமாக இருக்கின்றன. அமிலாய்டு படிமங்களும் டௌ முடிச்சுகளும் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பதில்லை. பல ஆய்வுகள் இதையே காட்டுகின்றன. என் புரிதல் இது: சர்க்கரை நோய் பெரும்பாலும் ரத்தக்குழாய்களைக் கெடுத்து மூளையின் தாங்கும் சக்தியைக் குறைக்கிறது. அல்சைமர் தன் போக்கில் தனியாக வளர்கிறது. இரண்டும் ஒரே மூளையில் சேரும்போது மறதி சீக்கிரம் வெளியே தெரிகிறது. “வந்திருக்காது” என்று யாராலும் சொல்ல முடியாது. 2014இன் ஒரு 9.2ஐ வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது.

‘மூன்றாம் வகை’ உண்மையான சர்க்கரை நோயாக இருந்தால் சர்க்கரை மருந்துகள் அதில் வேலை செய்திருக்க வேண்டும். ரோசிகிளிட்டசோன் 2010இல் தோற்றது. பையோகிளிட்டசோனை நோய் வராமல் தடுக்கப் பயன்படுத்திப் பார்த்த பெரிய ஆய்வு 2018இல் பலன் இல்லை என்று நிறுத்தப்பட்டது. மூக்கு வழியாக இன்சுலின் தெளித்த 289 பேர் ஆய்வு 2020இல் வந்தது, வித்தியாசம் இல்லை; அதில் தெளிப்பான் கருவியிலேயே சிக்கல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாரும் ஆவலோடு காத்திருந்த செமாக்ளுடைட், சுமார் 3,800 பேரிடம் நடந்த இரண்டு ஆய்வுகளிலும் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அன்று எனக்கே மனது கனத்துப்போயிற்று. நிறைய நோயாளிகளிடம் “பொறுங்கள், வருகிறது” என்று சொல்லியிருந்தேன்.

இறுக்கிப் பிடிப்பது பற்றி. அக்கார்டு மைண்ட் ஆய்வில் கிட்டத்தட்ட 3,000 பேர். ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே தள்ளியவர்களுக்கு 40 மாதம் கழித்தும் அறிவுத்திறனில் எந்த ஆதாயமும் இல்லை. அது ஒரு பகுதியாக நடந்த பெரிய அக்கார்டு ஆய்வில் இறுக்கிப் பிடித்த குழுவில் இறப்புகள் கூடியதால் 2008லேயே அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். சர்க்கரை மிகவும் இறங்கி மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு டிமென்ஷியா அதிகம் என்று 2009இல் 16,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள் காட்டின. ஒரு தடவை இறங்கினால் கொஞ்சம், பல தடவை என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரவுப்பணி சகோதரி எழுதியது ஒவ்வொரு எழுத்தும் சரி. ஞாபகம் குறைந்த முதியவர்களுக்கு ஹெச்பிஏ1சி 8 வரை இருக்கட்டும் என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சர்க்கரை இறங்காமல் இருப்பதே முதல் இலக்கு.

மெட்ஃபார்மின் பல வருடமாக எடுக்கிறாரா? அப்படியானால் வைட்டமின் பி12 பார்த்துவிடுங்கள். அந்த மாத்திரை பி12ஐக் குறைக்கும். அந்தக் குறை தனியாகவே மறதியைக் கூட்டும். சரிசெய்யக்கூடிய ஒன்றை விட்டுவிடக் கூடாது.

#8 தனிவழி

டாக்டர், நீங்கள் சொன்ன தோல்விகள் எல்லாமே மருந்துகளின் தோல்வி, அதுவும் மூளை பாதி அழிந்தபிறகு கொடுத்தவை. வீடு எரிந்து முடிந்தபின் தண்ணீர் ஊற்றிவிட்டு, தண்ணீர் தீயை அணைக்காது என்பதா?

குனேன் குழுவின் ஆய்வில் லேசான ஞாபகக் குறை உள்ளவர்களுக்கு ஆறு மாதம் தினமும் 30 கிராம் எண்ணெய் கொடுத்தார்கள். மூளை கீட்டோன் எடுப்பது கூடியது, சில நினைவுத் தேர்வுகளிலும் முன்னேற்றம் வந்தது. நான் கனவு காணவில்லை.

#9 இரவுப்பணி

தனிவழி தம்பி, நீ அப்பாவுக்காகப் படுற பாடு எனக்குப் புரியுது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அப்பாவோட எடை என்ன? வாரா வாரம் பாக்குறியா?

அல்சைமர்ல எடை தானாவே இறங்கும். நோய் தெரியிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே இறங்க ஆரம்பிச்சிடும். பசி குறையும், வாசனை தெரியாது, தட்டுல என்ன இருக்குன்னே புரியாது. எங்க வார்டுல ஒருத்தர் எலும்பும் தோலுமா வந்தார். வீட்டுல கட்டுப்பாடான உணவுன்னு அவருக்குப் பிடிச்சதை எல்லாம் நிறுத்தியிருந்தாங்க. அன்பாலதான் நிறுத்தினாங்க. விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு வந்தவர் திரும்பி நடக்கவே இல்ல.

#10 தனிவழி

இந்த வருடத்தில் 6 கிலோ குறைந்திருக்கிறார். நோயால் என்று நினைத்தேன்.

#11 வேதிக்கூடம்

தம்பி, உங்கள் கேள்வி தப்பில்லை. கீட்டோன் எடுப்பு குறைவதில்லை என்பது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். நீங்கள் சொன்ன ஆய்வும் கவனிக்கத்தக்கதுதான், முடித்தவர்கள் 100க்கும் குறைவு. ஆனால் அதே வகைக் கொழுப்பை ஏற்கெனவே அல்சைமர் உள்ள 413 பேருக்குக் கொடுத்த மூன்றாம் கட்ட ஆய்வு 2017இல் தோற்றது. அதில் மருந்தின் தயாரிப்பை மாற்றியதால் ரத்தத்தில் கீட்டோன் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை என்ற விளக்கமும் உண்டு. எனவே கதவு மூடவில்லை, அவ்வளவுதான். அப்பாவின் எடை அதைவிட அவசரம். எண்ணெயை நிறுத்தாவிட்டாலும் மற்ற கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது பற்றி உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

நான் முந்தைய பதிவில் விட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் எல்லாரும் ‘வளர்சிதை மாற்றம்’ என்றதும் சர்க்கரையையே பேசுகிறோம். கொழுப்பை மறந்துவிட்டோம். அலாய்ஸ் அல்சைமர் 1907இல் எழுதிய சின்னக் கட்டுரையில் படிமங்கள், முடிச்சுகள் இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: நரம்பணுக்களைத் தாங்கும் கிளையா அணுக்களில் கொழுப்புப் பைகள். முதல் இரண்டும் புகழ்பெற்றன. மூன்றாவதை நூறு வருடம் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

1993இல் டியூக் பல்கலைக்கழகத்தில் அல்சைமருக்கான மிகப் பெரிய பொது மரபணு ஆபத்தாக ஏபோ-இ4 கண்டறியப்பட்டபோதே நமக்கு உறைத்திருக்க வேண்டும். ஏபோ-இ என்பது கொழுப்பைச் சுமக்கும் புரதம்! மூளையில் கொலஸ்ட்ராலை அணுவுக்கு அணு கொண்டுபோவது அதன் வேலை. 2024இல் ஸ்டான்ஃபோர்டு குழு ஒன்று காட்டியது: இ4 இரண்டு பிரதி உள்ள அல்சைமர் மூளைகளில் மைக்ரோகிளியா எனும் துப்புரவு அணுக்கள் கொழுப்புத் துளிகளால் நிரம்பிக் கிடக்கின்றன. ஆய்வகத்தில் அப்படிக் கொழுப்பேறிய அணுக்கள் வளர்ந்த நீரை நரம்பணுக்கள் மேல் விட்டால், நரம்பணுக்களில் டௌ கெடத் தொடங்குகிறது. அமிலாய்டு அந்த அணுக்களைத் தூண்டுகிறது, கொழுப்புக் கோளாறு அடுத்த கட்டத்துக்குத் தள்ளுகிறது. இதில் எது முட்டை, எது கோழி?

அதே வருடம் இன்னொரு ஆய்வு. ஆஸ்ட்ரோசைட் எனும் அணுக்கள் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றி நரம்பணுக்களுக்கு ஊட்டுகின்றன என்று 1994 முதல் ஒரு கருத்து உண்டு. அமிலாய்டும் டௌவும் ஐடிஓ-1 என்ற நொதியைத் தூண்டி அந்த ஊட்டலை முடக்குவதாகவும், நொதியைத் தடுத்தால் எலிகளில் ஊட்டலும் நினைவும் திரும்புவதாகவும் தெரிந்தது. எலிகளில்தான். ஆனாலும் நான் அதை இரண்டு முறை படித்தேன். நரம்பணு செத்துப்போகவில்லை, பட்டினி கிடக்கிறது என்றால், அந்த இரண்டுக்கும் நடுவில் செய்வதற்கு ஏதோ இருக்கிறது.

என் நிலைப்பாடு இதுதான். வளர்சிதை மாற்றக் கோளாறு அல்சைமரின் நடுவிலேயே இருக்கிறது, ஓரத்தில் இல்லை. அமிலாய்டு அதைக் கெடுக்கிறது, அது அமிலாய்டைக் கூட்டுகிறது. ஆனால் அது சர்க்கரை நோயின் இன்னொரு ரகம் அல்ல. அந்தப் பெயர் எறும்பு அம்மாவிடம் இனிப்பைப் பற்றிக் கேட்க வைக்கிறது, மழைத்துளி அம்மாவைக் கோப்பைப் புரட்ட வைக்கிறது. அதனால்தான் எனக்கு அதன் மேல் இவ்வளவு வருத்தம்.

#12 எறும்பு

நன்றி ஐயா. இதை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்கு 29 வயது. “எனக்கும் வருமா அம்மா” என்று கேட்கிறான். கேட்டுவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுகிறான். அவனிடம் என்ன சொல்வது?

#13 நாடி

அம்மா, உங்கள் கணவருக்கு 57 என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். ஏபிபி, பிரசெனிலின் 1, பிரசெனிலின் 2 என்ற மூன்று மரபணுக்களில் மாற்றம் இருந்தால் நோய் நேரடியாகத் தலைமுறைக்கு இறங்கும். மொத்த அல்சைமரில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 65க்கு முன் வரும் எல்லாருக்கும் அது இருப்பதில்லை. கணவரின் பெற்றோர், உடன்பிறந்தவர்களில் யாருக்கும் இளவயதில் வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால் மரபியல் ஆலோசகரிடம் போங்கள். சோதனை செய்வதா வேண்டாமா என்பது மகனின் முடிவு. சோதனைக்கு முன் ஆலோசனை கட்டாயம்.

அது இல்லை என்றால் அவன் செய்யக்கூடியவை நிறைய. லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களை நீக்கினால் உலகின் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. அதில் தனியாகச் சர்க்கரை நோயின் பங்கு 2 சதவீதம்தான். நடுவயதில் கெட்ட கொலஸ்ட்ராலின் பங்கு 7, காது கேளாமையின் பங்கும் 7. காது! பலர் அலட்சியம் செய்வது அதைத்தான். ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 120க்குக் கீழே வைக்கச் சிகிச்சை பெற்றவர்களுக்கு லேசான ஞாபகக் குறை 19 சதவீதம் குறைந்தது, 2019 ஆய்வு. ஃபின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தபோது இரண்டே வருடத்தில் வித்தியாசம் தெரிந்தது.

தனிவழி கேட்ட “தாமதமாகக் கொடுத்தார்கள்” என்பதில் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடுவயதுப் பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது. 75 வயதில் எடை குறைவதே ஆபத்தின் அடையாளம். ஒரே விஷயம் வயதைப் பொறுத்துத் தலைகீழாகிறது. மகன் வயதில் செய்ய வேண்டியதை அப்பா வயதில் செய்தால் கெடுதல்.

#14 நிழற்படம்

டாக்டரின் கடைசி வரியைத் தனிவழி படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

#15 தனிவழி

படித்தேன். நேற்று அப்பாவை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கட்டுப்பாட்டைத் தளர்த்தச் சொல்லிவிட்டார். எண்ணெயை மட்டும், வயிறு ஒத்துக்கொண்டால், தொடரலாம் என்றார். ராத்திரி அவருக்குப் பிடித்ததைச் செய்து கொடுத்தேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரவுப்பணி அக்கா, எடையை எந்த நாள், எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது?

#16 இரவுப்பணி

காலையில எந்திரிச்சு, கழிப்பறை போயிட்டு வந்த பிறகு, சாப்பிடுறதுக்கு முன்னாடி. வாரத்துல ஒரே நாள், ஒரே மாதிரித் துணியோட. ஏறி நிக்கத் தடுமாறினா நாற்காலி எடைக்கருவி கேளு, பிடிச்சு நிறுத்தாதே. நீ பிடிச்சா எடை தப்பா காட்டும்.

#17 மழைத்துளி

எல்லாருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை.

டாக்டர் சொன்னபடி பி12 பார்த்தோம். குறைவு. ஊசி தொடங்கியிருக்கிறார்கள். அதனால் அல்சைமர் இல்லாமல் போய்விடாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார், நானும் அப்படி எதிர்பார்க்கவில்லை. கணையத்தைத் தூண்டும் மாத்திரையை நிறுத்திவிட்டார். இரவுப்பணி அக்கா சொன்ன மாதிரியே, சாயங்காலம் திடீரென்று எரிந்து விழுவார் என்று சொன்னேனே, இல்லை, உங்களிடம் அதைச் சொல்லவில்லை, மருத்துவரிடம் சொன்னேன். அந்த நேரத்தில் பார்க்கச் சொன்னார். முதல் நாள் 61, மூன்றாம் நாள் 57. மாத்திரையை நிறுத்தி ஒன்பது நாள் ஆகிறது. சாயங்காலக் கோபம் இரண்டு தடவைதான் வந்தது.

அந்த உறவினருக்கு வேதிக்கூடம் ஐயா எழுதியதை அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை.

கோப்பில் பழைய சீட்டுகளை எடுத்துவிட்டு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன். அம்மா எப்போது சாப்பிட்டார், எப்போது மாத்திரை, சாயங்காலம் 5 மணிக்கு என்ன அளவு என்று எழுதுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். இரவில் தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் எப்படித் தெரிந்துகொள்வது? வியர்வை வருமா? எழுப்பிப் பார்க்க வேண்டுமா?

#18 இரவுப்பணி

வியர்வை வரும், தலையணை நனைஞ்சிருக்கும். கெட்ட கனவு கண்ட மாதிரி முனகுவாங்க. காலையில தலைவலி, குழப்பம் வழக்கத்தைவிட அதிகமா இருக்கும். இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் எழுப்பிப் பாரு. அந்த மாத்திரை நின்னுட்டதால, இன்சுலினும் இல்லைன்னா, வாய்ப்பு ரொம்பக் குறைவு. இன்சுலின் இருக்கா இல்லையான்னு நீ இன்னும் சொல்லல.